பள்ளிவாசலும் அயலாரும் – சில சிந்தனைகள்

தமிழில் வணக்கத் தலங்களுக்கு வழங்கும் பெயர்களுள் 'பள்ளிவாசல்' என்பது தனித்த இயல்புடையது. கோயில் என்றால் இறைவனின் அல்லது அரசனின் இல்லம். தேவாலயம் என்றாலும் அதுவே பொருள். பள்ளிவாசல் என்னும் சொல்லிலோ வாசலே முன்னிற்கிறது. பள்ளி என்ற சொல்லின் வரலாறும் சுவையானது. பழந்தமிழ் நூல்களில் அது சமண, பௌத்த முனிவர் உறைந்த இடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே எழுத்தறிவித்தமையால் கல்விச்சாலைக்கும் அதுவே பெயராயிற்று. பின்னர் இஸ்லாம் தமிழ்க் கரைகளுக்கு வந்தபோது முஸ்லிம்களின் தொழுமிடத்துக்கும் அச்சொல்லையே தமிழர் வழங்கினர். மலையாளத்தில் இன்றும் கிறிஸ்தவரின் ஆலயமும் முஸ்லிம்களின் மசூதியும் ஒருங்கே 'பள்ளி' எனப்படுகின்றன. சொல்லாராய்ச்சியை அளவுக்கு மீறி நீட்டுவது தமிழாசிரியர்களைப் பற்றிய பழைய வியாதி என்பதை நாம் அறிவோம். ஆயினும், நான்கு சமயத்தார் கைமாற்றிக் கொண்ட ஒரு சொல் நமது மொழியில் இருக்கிறது என்பதை, இப்பொருள் பற்றிப் பேசப் புகுமுன் நினைவிற் கொள்வது நன்று.

பேச எடுத்துக்கொண்ட பொருள் இது: முஸ்லிமல்லாத அயலாரைப் பள்ளிவாசலுக்குள் அழைத்து, தொழுகை மண்டபத்தைக் காட்டி, ஐயங்களுக்கு விடையளித்து, உபசரித்து அனுப்பும் வழக்கம் அண்மைக் காலத்தில் பல நாடுகளிலும் வேரூன்றி வருகிறது. ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3ஆம் நாள், அந்நாடு ஒன்றிணைந்த தினத்திலேயே, பள்ளிவாசல்கள் பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுகின்றன. பிரித்தானியாவில் 2015இல் இத்தகைய முயற்சி தொடங்கியது. இலங்கையிலும் கொழும்பிலும் பிற நகரங்களிலும் இது நடந்து வருகிறது. மலையகத்தின் கடைவீதிப் பள்ளிவாசல்கள் சிலவும் இதில் இறங்கியுள்ளன. இதனை இஸ்லாமிய மறுமலர்ச்சியின் ஒரு வடிவம் என்று போற்றுவோர் உளர். வெறும் விளம்பரம் என்று தள்ளுவோரும் உளர். இவ்விரு கூற்றுக்களையும் உரசிப் பார்ப்பதே எமது நோக்கம். நாம் முஸ்லிம் அல்லோம். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் எழுத்தறிந்து, பேராதனையில் தமிழ் பயின்று, மீண்டும் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலேயே கற்பிக்க வந்த நாம், வாசலுக்கு வெளியே நிற்பவனின் கண்ணோடுதான் இதைக் காண முடியும்.

முதலில் எமது மலையின் பழங்கதை ஒன்று. ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியே நல்லதண்ணி சென்று ஏறும் சிகரத்தைப் பௌத்தர் ஸ்ரீ பாத என்பர். சைவர் சிவனொளிபாதமலை என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். 1344ஆம் ஆண்டளவில் மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு இச்சிகரத்துக்கு வந்தார். அவருடைய பயண நூலில் ஷெய்கு இப்னு கபீப் என்னும் பெரியாரைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. அவரோடு மலைக்கு வந்த பக்கீர்கள் வழி தவறிப் பசியால் வாடி, அவர் தடுத்தும் கேளாது ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்றனராம். இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, தின்றவரையெல்லாம் கொன்றுவிட்டு, தின்னாத ஷெய்கை முதுகிலேற்றி ஊர்மனையில் கொண்டுவந்து விட்டனவாம். அன்று தொட்டு இத்தீவின் மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளுக்குள் தங்க வைத்தனர். தம் மனைவி மக்களோடு இருத்தி உணவளித்தனர். இந்தியாவில் தாம் கண்ட பிற சமயத்தாருக்கு இது மாறானது என்று இப்னு பதூதா வியந்து எழுதுகிறார்.

யானைக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எமக்கு முக்கியமானது அதன் பின்னுள்ள செய்தி. இம்மலைப் பாதையில் முதலில் கதவைத் திறந்தவர் முஸ்லிமல்லாத குடியானவர். அவர்கள் திறந்தது கோயிற் கதவையன்று, அடுப்பும் பாயும் இருந்த தம் வீட்டுக் கதவை. பள்ளிவாசல் இன்று அயலாரை அழைக்கின்றதெனில், அது 700 ஆண்டுப் பழைய கடன் ஒன்றைத் திருப்பிச் செலுத்துகிறது என்றும் கொள்ளலாம்.

இஸ்லாத்தின் மூலங்களில் இதற்கு இடமுண்டா என்ற வினா அடுத்து எழுகிறது. உண்டு என்பதில் ஐயமில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் அமைத்த பள்ளிவாசல் தொழுமிடமாக மட்டும் இருக்கவில்லை. வீடற்ற ஏழைகள் அதன் திண்ணையில் குடியிருந்தனர். 'திண்ணைத் தோழர்' என்றே அவர்களுக்குப் பெயர். இன்னும் இஸ்லாத்தை ஏற்காத தகீப் கோத்திரத்துத் தூதுவர்களுக்கு அப்பள்ளியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. போரிற் பிடிபட்ட துமாமா என்னும் தலைவன் அதன் தூணிலேயே கட்டப்பட்டிருந்து மூன்றாம் நாள் விடுவிக்கப்பட்டான் என்று புகாரியின் தொகுப்புக் கூறுகிறது. நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர் அங்கு வந்து தம் முறைப்படி கிழக்கு நோக்கி வழிபட்டதை இப்னு இஸ்ஹாக்கின் சரித்திரம் குறிக்கிறது. சட்ட மரபைப் பார்த்தாலோ மாலிகி மத்ஹபினர் பிற சமயத்தார் பள்ளிக்குள் வருவதைத் தடுத்தனர். ஹனபி மத்ஹபினர் அனுமதித்தனர். ஷாபிஈ மத்ஹபினர் மக்காவின் புனிதப் பள்ளிக்கு மட்டும் தடையை நிறுத்தி, ஏனைய பள்ளிகளில் முஸ்லிம்களின் சம்மதத்தோடு வரலாம் என்றனர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தோர் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. ஆகவே எமது ஊர்ப் பள்ளிவாசலின் கதவு நெடுங்காலம் மூடியிருந்ததெனில், அதை மூடியது சமயச் சட்டமன்று, சமுதாய வழக்கமே.

சமுதாய வழக்கத்தை மாற்றப் புறப்பட்டோர் மலைநாட்டிலேயே தோன்றினர். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838 – 1898) ஈழத்து முஸ்லிம் மறுமலர்ச்சியின் முதல்வர். சட்டத்தரணியாகப் பெரும்பொருள் ஈட்டக் கூடியவர், அதனை விடுத்துக் கல்விக்கு உழைத்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பெண் கல்வியை வற்புறுத்தினார். ஆங்கிலக் கல்வியைப் பாவமென்று கருதிய கூட்டத்தாரோடு ஓயாது போராடினார். பிரித்தானியரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவோடு அவர் கொண்ட தொடர்பு இம்முயற்சிகளுக்கு உரமூட்டியது. 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்னும் சிறப்பைப் பெற்றது.

இத்தகைய பெரியாரிடத்தும் ஒரு குறையைச் சுட்ட வேண்டியுள்ளது. 'அசன்பே சரித்திரம்' எகிப்தில் தொடங்கி இந்திய நகரங்களில் உலவும் கதை. அதில் கண்டியில்லை, மலையில்லை. சித்திலெப்பை அதனை எழுதிய காலத்தில், கண்டியைச் சுற்றியுள்ள மலைகளிற் கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்து, அதை நம்பி மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த தமிழ்க் கூலிகள் பட்டினியுற்று, தேயிலை மெல்ல மெல்ல இடம் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழே பேசிய அம்மக்கள், தமிழிலேயே எழுதிய அவ்வறிஞரின் கதைக்குள் நுழையவில்லை. இதை அவரது தனிப்பட்ட குற்றமாக நாம் கூறவில்லை. அக்கால மறுமலர்ச்சி இயக்கங்கள் யாவற்றுக்கும் உரிய எல்லை இது. நாவலரின் கண்ணுக்கும் மலையகக் கூலி தென்படவில்லை. சமுதாயத்தை உயர்த்துவது என்றால் தன் சமுதாயத்தை உயர்த்துவது. அதிலும் படித்த, பொருள் படைத்த பிரிவினரை உயர்த்துவது. அயலான் எதிர்ப்பட்டால் அவன் போட்டியாளனாகவோ மதமாற்ற வந்தவனாகவோ தெரிந்தான். 'அயலாரை அழைக்கும் பள்ளிவாசல்' என்ற கருத்தில் புதுமை ஏதேனும் உண்டெனில், இவ்வெல்லையைத் தாண்ட அது முயல்கிறது என்பதே.

எனினும் சரித்திரம் நேர்க்கோட்டிற் செல்வதில்லை. மறுமலர்ச்சியாளர் இன்று புதிதாகத் திறப்பதாகக் கருதும் கதவுக்கு முன்பு, வேறொரு வாசல் பாமர மக்களுக்கு எப்போதும் திறந்தே இருந்தது. நாகூர் ஆண்டகையின் தர்காவில் உயர்ந்து நிற்கும் மினாராக்களுள் மிகப் பெரியதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைச் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எமது பாட்டன்மார் மாரியம்மன் கரகத்தோடு நாகூர் நேர்ச்சையையும் கூடவே கொண்டுவந்தனர். மாலைத் தொழுகை முடியும் வேளையில் கைக்குழந்தையோடு பள்ளிவாசல் முகப்பில் நின்று, தொழுது வருவோர் ஓதி ஊதுவதற்காகக் குழந்தையின் முகத்தை நீட்டும் தாய்மாரைத் தமிழ் வழங்கும் இடமெங்கும் காணலாம். கந்தூரிச் சோற்றுக்குச் சமயம் இருந்ததில்லை. இலக்கியத்திலும் அவ்வாறே. தெல்தோட்டைப் பகுதிப் போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் பதிகமும் கலம்பகமும் திருப்புகழ்ச் சந்தமும் பாடினார். சைவர்க்குரியவை என நாம் கருதும் வடிவங்கள் அவர் கையில் இஸ்லாமியப் பொருளைச் சுமந்தன. மலையகத் தமிழ்ப் புலமையின் தொடக்கத்தில் நிற்பவருள் ஒருவர் அவர் என்பதை எமது மாணவர்க்குச் சொல்லும்போது வியப்படைகின்றனர்; பாடநூல்கள் அவ்வளவு மௌனம் சாதிக்கின்றன.

இந்தப் பழைய வாசலை அடைத்தவர் யார்? இங்கேதான் சங்கடமான உண்மை ஒன்றைச் சந்திக்கிறோம். அடைத்தவரும் மறுமலர்ச்சியாளரே. ஏகத்துவத்தின் தூய்மையை நிலைநாட்டப் புறப்பட்டோர் தர்கா வணக்கத்தைக் கண்டித்தனர், தாயத்தையும் ஓதிய நீரையும் மூட நம்பிக்கை என்றனர், கந்தூரியை நிறுத்தினர். அவர்கள் கூறியதில் நியாயமே இல்லை என்று முற்போக்காளராகிய நாம் எவ்வாறு சொல்வது? காய்ச்சற் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் தாயத்துக் கட்டிய தாய்மாரின் கண்ணீரை நாமும் கண்டிருக்கிறோம். தர்கா உண்டியலைச் சுற்றி வளர்ந்த சுரண்டலும் நாம் அறிந்ததே. ஆனால் மூட நம்பிக்கை வெளியேறிய அதே கதவால், சாதி சமயம் கேளாது ஒரே பந்தியில் அமர்ந்த உழைப்பாளி மக்களின் உறவும் வெளியேறிவிட்டது. குப்பையைக் கொட்டும்போது கூடையையும் சேர்த்து எறிந்த கதை இது. இன்றைய திறப்பு விழாக்கள், ஒரு வகையில், அந்தக் கூடையைத் தேடும் முயற்சிகள். தேடுவோர் அதை உணர்ந்திருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் நாட்டில் நடந்தவற்றை வாசகர் மறந்திரார். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொலையாளிகளின் வெறிக்கு ஒரு சமுதாயம் முழுவதும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கொரோனாக் காலத்தில் 2020 முதல் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கூட வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டன. 'எங்கள் பள்ளிக்குள் வந்து பாருங்கள், ஆயுதம் இல்லை, வெறுப்பு இல்லை' என்ற அழைப்பின் குரல் இப்பின்னணியில்தான் உரத்து எழுந்தது.

இதை நாம் இரு மனத்தோடு காண்கிறோம். அச்சத்திலிருந்து பிறந்த அழைப்பில் ஓர் அவமானம் ஒளிந்திருக்கிறது. எந்தப் பெரும்பான்மையினரும் தம் வணக்கத் தலத்தைத் திறந்து காட்டித் தம் குற்றமின்மையை நிறுவ வேண்டியதில்லை. 1983க்குப் பின் தோட்டத்துத் தமிழன் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தன் பையைத் திறந்து காட்டினான். அந்தப் பையைத் திறப்பதில் உபசரிப்பு ஏதும் இருக்கவில்லை. விருந்தினனாக வருபவன் வேவுக்காரனின் கண்ணோடு வந்தால், தேநீர் கொடுப்பவனின் கை நடுங்கத்தான் செய்யும். ஆகவே பள்ளிவாசல் திறக்கப்படுவதைப் பாராட்டும் பேச்சாளர்கள், அதைத் திறக்கும்படி நெருக்கிய சூழலையும் ஒரு வார்த்தை கண்டித்துப் பேசக் கடமைப்பட்டவர்கள். பெரும்பாலான மேடைகளில் அந்த ஒரு வார்த்தையை நாம் கேட்டதில்லை.

இனி, நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஊரின் பெயர் வேண்டாம். மலைநாட்டுக் கடைவீதி ஒன்று என்று கொள்க. அவ்வூர்ப் பள்ளிவாசலின் அழைப்பை ஏற்று, எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரோடு சென்றிருந்தோம். முன்வரிசையில் பொலிஸ் பொறுப்பதிகாரி, விகாராதிபதி, பங்குத் தந்தை, குருக்கள், வங்கி முகாமையாளர், தோட்டத் துரை ஒருவர். பன்னீர் தெளித்தார்கள், பேரீச்சம்பழமும் வட்டிலப்பமும் வந்தன. இளம் மௌலவி ஒருவர் தொழுகையின் அசைவுகளை அழகாக விளக்கினார். அரபு எழுத்தணியைப் பற்றி அவர் பேசியது எந்தக் கலை வகுப்பிலும் கேட்கக் கூடியதன்று. எம் மாணவர் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர். குறை சொல்ல ஒன்றுமில்லை எனும்படி எல்லாம் நடந்தன.

திரும்பும்போது இரண்டு சம்பவங்கள். எம்மோடு கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர், அதே ஊரிற் பிறந்தவர், மாணவியரைக் கவனித்துக்கொள்ள எம்முடன் வந்திருந்தார். படியிறங்கும்போது மெல்லச் சொன்னார்: "நானும் இண்டைக்குத்தான் உள்ளுக்குப் பார்க்கிறேன், சேர். வாப்பா, மூத்தவாப்பா எல்லாரும் இங்கதான் தொழுதவங்க." அவ்வூர்ப் பள்ளியில் பெண்களுக்குத் தொழ இடம் ஒதுக்கப்படவில்லை. வங்கி முகாமையாளரின் மனைவிக்கு விருந்தினர் என்ற வகையில் திறந்த கதவு, பள்ளியின் சொந்தப் பெண்ணுக்கும் விருந்தினரோடு சேர்ந்துதான் திறந்தது. அயலாரைத் தேடி வெளியே பார்த்தவர்கள் வீட்டுக்குள் நிற்கும் அயலாளைக் காணவில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைப் (2004) படித்தோர்க்கு இது புதுச் செய்தியன்று. தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கத'யில் (1988) வேறொரு பக்கத்தைக் காட்டினார்: பள்ளிவாசலும் ஊரும் ஒரு முதலாளியின் கைக்குள் அடங்கிக் கிடக்கும்போது, ஏழை முஸ்லிமுக்கே அங்கு நீதியின் வாசல் திறப்பதில்லை. இவ்விரு எழுத்தாளரும் தம் சமுதாயத்தின் மீதுள்ள பற்றினாலேயே அதை விமரிசித்தார்கள்; வசையும் வாங்கினார்கள். மறுமலர்ச்சி பற்றிய நூறு சொற்பொழிவுகளை விட இவர்களின் நாவல்களில் மறுமலர்ச்சி மிகுதியாக உள்ளது என்பது எமது துணிபு.

இரண்டாவது சம்பவம்: கொழுந்தெடுக்கும் பெண்ணொருவரின் மகன், வகுப்பில் அதிகம் பேசாதவன், பஸ் நிலையத்தில் எம்மருகே வந்து, "சேர், தம்பிக்கு வலிப்பு வந்தப்ப எங்கம்மா இதே வாசல்லதான் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. உள்ள போனதில்ல. இன்னிக்கு வந்திருந்தா அவங்களையும் உள்ள விட்டிருப்பாங்களா?" என்று கேட்டான். விட்டிருப்பார்கள் என்று சொன்னோம். சொன்ன பிறகு யோசித்தோம். விட்டிருப்பார்கள், ஆனால் அழைத்திருக்க மாட்டார்கள். அழைப்பிதழ் துரைக்குப் போயிற்று. மலையில் நிற்கும் தொழிலாளிக்குப் போகவில்லை. இதில் எவருக்கும் கெட்ட எண்ணமில்லை. 'அயலார்' என்றால் யார் என்ற கேள்விக்கு, அழைப்பிதழ் எழுதிய கை தன் வர்க்கத்தின் விடையைத் தானாகவே எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

மலைநாட்டுக் கடைவீதியின் பொருளாதாரத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும். பள்ளிவாசல் நிர்வாக சபையினர் பெரும்பாலும் வியாபாரிகள். தோட்டத்து மக்கள் அவர்களின் வாடிக்கையாளர். சம்பள நாளன்று இரு சாராரும் கடன் கொப்பியின் இரு பக்கங்களில் சந்திக்கின்றனர். இந்த உறவு முழுவதும் பகையுமன்று, முழுவதும் நட்புமன்று. வேலை நிறுத்தக் காலங்களில் அரிசியும் மாவும் கடனாகக் கொடுத்துத் தொழிலாளரைத் தாங்கிய முஸ்லிம் கடைக்காரர்களைப் பற்றி எம் தந்தையார் நன்றியோடு பேசுவார். அதே மூச்சில், கொப்பியில் ஏறிய கணக்கைப் பற்றியும் பேசுவார். இந்த உண்மையான அயலுறவைத் தொடாமல், எழுத்தணியையும் வட்டிலப்பத்தையும் மட்டும் காட்டும் திறப்பு விழா, கடையை மூடிவிட்டு முகப்புக்கு வெள்ளையடிப்பது போன்றது. விகாராதிபதியும் மௌலவியும் கைகோத்து நிற்கும் புகைப்படங்கள் பத்திரிகைகளுக்கு வேண்டியவை. தோட்டத்து லயத்திலிருந்து பார்க்கும்போது அவை மிகத் தொலைவில் உள்ளன.

மறுபக்கத்தையும் சொல்லாவிடின் நேர்மையன்று. பள்ளிவாசலின் வாசலைப் பற்றிப் பேசும் நமக்கு நமது கோயில் வாசலின் கதை மறந்துவிடலாகாது. மாவிட்டபுரத்தில் 1968இல், தாழ்த்தப்பட்ட தமிழர் தமிழரின் கோயிலுக்குள் நுழைய அறவழியில் நின்று அடிபட்டனர். கதவை அடைத்து நின்றோருள் படித்த பெருமக்களும் இருந்தனர். எமது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் பாலிப்பது, யார் தேர்வடம் தொடுவது என்பதில் இன்றும் எத்தனை முணுமுணுப்பு! தொழுகை வரிசையில் முதலாளியும் சுமை தூக்குபவனும் தோளோடு தோள் நிற்கும் காட்சியை அன்று எம் மாணவர் மௌலவியின் வாயாற் கேட்டபோது, அவர்களுட் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நாம் கவனித்தோம். அந்தப் பார்வையில் எமது சமுதாயத்தைப் பற்றிய விமரிசனம் முழுவதும் இருந்தது.

அப்படியாயின் அயலாரை ஏற்றல் எப்போது மெய்யாகிறது? எமக்குத் தெரிந்த சான்றுகள் யாவும் தேவையின் நேரத்திலிருந்தே வருகின்றன. 2019 ஆகஸ்டில் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் கவளப்பாறை என்னும் குன்று சரிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் புதையுண்டனர். மீட்கப்பட்ட உடல்களைப் பிரேத பரிசோதனை செய்ய இடமில்லாது தவித்த மருத்துவர்களுக்கு, போத்துகல் என்னும் அயலூர்ப் பள்ளிவாசல் தன் தொழுகை மண்டபத்தின் ஒரு பகுதியையே ஒப்புக்கொடுத்தது. இரத்தமும் சேறும் படிந்த உடல்கள், எந்தச் சமயத்தார் என்ற கேள்வியின்றி, தொழுமிடத்திற் கிடத்தப்பட்டன. தூய்மை பற்றி அத்தனை கண்டிப்புள்ள ஒரு சமயத்தார் அதைச் செய்தனர் என்பதன் கனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு 2020 ஜனவரி 19ஆம் நாள், காயங்குளத்துச் சேராவள்ளிப் பள்ளிவாசல், தந்தையை இழந்த ஏழை இந்துப் பெண்ணொருத்தியின் திருமணத்தைத் தன் வளாகத்தில், குத்துவிளக்கேற்றி, இந்து முறைப்படி, சைவ விருந்தோடு நடத்தி வைத்தது. பத்துப் பவுண் நகையும் இரண்டு லட்சம் ரூபாவும் ஜமாஅத்தார் அளித்தனர். தாய் உதவி கேட்டார், பள்ளி செய்தது. கதை அவ்வளவே.

எமது நாட்டிலும் குறைவில்லை. 2025 ஏப்ரலில் கண்டியில் தலதா புனிதச் சின்னம் பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டபோது, இலட்சக் கணக்கில் வந்து வீதியோரம் படுத்துறங்கிய பௌத்த யாத்திரிகருக்கு நகரின் பள்ளிவாசல்கள் இடமும் உணவும் கொடுத்தன. திகனவில் தீ வைக்கப்பட்டு ஏழே ஆண்டுகள் கழிந்திருந்தன. தீ வைத்த சமுதாயத்தாரின் பக்தர்களுக்கே, தீக்கிரையான சமுதாயத்தார் பாய் விரித்தனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்தது. 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் சிதைந்தன. பாடசாலைகளும் விகாரைகளும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் ஒன்றுபோல மனிதர் ஒதுங்கும் கூரைகளாயின. அந்நாட்களில் யாரும் எழுத்தணியை விளக்கவில்லை. எவரும் அழைப்பிதழ் அச்சிடவில்லை.

இதனால் விளக்கமும் உரையாடலும் வேண்டா என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அன்று அம்மௌலவி சொன்னவற்றை எம் மாணவர் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டாரின் சமயத்தைப் பற்றி வதந்திகளால் மட்டுமே அறிந்து வளரும் தலைமுறைக்கு அது மருந்து. நாம் கேட்பது, மருந்து கொடுப்போர் நோயாளி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதே. மதீனாவின் திண்ணையில் அழைப்பிதழோடு வந்தோர் இருக்கவில்லை. கூரையற்றோர் இருந்தனர், அவர்களை நீக்கிவிட்டு அப்பள்ளியின் சித்திரத்தை வரைய இயலாது. அந்தத் திண்ணையை மீட்பதே மறுமலர்ச்சி என்று கூறும் முஸ்லிம் இளைஞர்கள் சிலரை நாம் அறிவோம். நிர்வாக சபைகளில் அவர்களுக்கு இன்னும் இடமில்லை.

மேற்கூறிய கருத்துக்களில் சிலவற்றை அந்த இளம் மௌலவியிடம் நேரிற் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, எம் மாணவர் எங்கே இருந்து படிக்கிறார்கள் என்று கேட்டார். லயத்துக் காம்பராவில், ஒரு விளக்கின் கீழ், ஐந்தாறு பேர் சமைக்கவும் உறங்கவும் செய்யும் இடத்தில் என்றோம். "பின்னேரம் ஆறு மணிக்குப் பொறகு மத்ரஸா சும்மாதான் கிடக்குது மாஸ்டர். வாங்கும் இருக்குது, லைட்டும் இருக்குது. நிர்வாகத்துக்கிட்ட நான் கதைக்கிறன். பிள்ளைகளை அனுப்புங்க" என்றார். நிர்வாகத்தில் இரண்டு பேர் மறுத்தார்களாம். மாணவியரும் வருவார்களா என்பதே அவர்களின் கேள்வி. எமது ஆசிரியை தாமும் கூட இருப்பதாக எழுதிக் கொடுத்த பின் சம்மதம் கிடைத்தது.

சென்ற மாதத்திலிருந்து ஒன்பது பேர் போகிறார்கள். அவர்களுள் மூவர் பெண்கள். வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலைத் தொழுகை முடிந்து வருவோர்க்கு வழிவிட்டு நின்று, பிறகு உள்ளே போகின்றனர். இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.